ஆபிரகாம் பண்டிதரின் நடுவயது இசைப்பணி

ஆபிரகாம் பண்டிதர் (2 ஆகஸ்ட் 1859 – 31 ஆகஸ்ட் 1919) தஞ்சாவூரில் வாழ்ந்த சித்த மருத்துவர்; இசை ஆராய்ச்சியாளர்; கிறித்தவர். 1917இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலின் ஆசிரியர். பழந்தமிழ் இசையின் சுருதி, பாலை, பண் ஆகியவற்றைச் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டு கணக்கிட்டுப் பார்த்த முதல் பெருமுயற்சி அந்நூல்.

இசையுலகில் இன்று அவர் பெயரால் பேசப்படும் செயல்கள் ஏறத்தாழ எல்லாமே 48 வயதுக்கும் 58 வயதுக்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் நடந்தவை. அதுவரை அவர் ஊரறிந்த மருத்துவராகவும் பயிர்த்தொழிலில் ஆர்வம் கொண்டவராகவுமே அறியப்பட்டார். பரம்பரை இசைக் குடும்பத்தில் பிறக்காத ஒருவர், நடுவயதில், தம் கைப்பொருளைச் செலவிட்டு, பல சாதியையும் சமயத்தையும் சேர்ந்த வித்துவான்களை ஓரிடத்தில் கூட்டி ஒரு கேள்வியை விவாதிக்கச் செய்தார். அந்தப் பத்தாண்டுப் பணியையும் அதில் அவருடைய கிறித்தவ நம்பிக்கைக்கு இருந்த இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆசிரியர், மருத்துவர்

இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சாம்பவர் வடகரை அவர் பிறந்த ஊர். பெற்றோர் முத்துசாமி, அன்னம்மாள். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே சில காலம் ஆசிரியராக இருந்தார். அந்நாளில் சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் வயலின் கற்றார். நிழற்படக் கலை, அச்சுத்தொழில் போன்றவற்றையும் ஆர்வத்தோடு கற்றுக்கொண்டார். எதையும் செய்துபார்த்துக் கற்கும் இந்தப் பழக்கம் பிற்கால ஆராய்ச்சி முறையிலும் தெரிகிறது.

மருத்துவத்தில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் சுருளிமலையில் வாழ்ந்த கருணானந்தர் என்னும் முனிவர். ஒரு கிறித்தவ இளைஞர் ஒரு சித்தரைக் குருவாக ஏற்றது அன்றைக்கும் வியப்பாகவே இருந்திருக்கும். பண்டிதர் அதை மறைக்கவில்லை. தாம் உண்டாக்கிய மருந்துத் தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார்; மருத்துவமனையின் பெயர் கருணாநிதி வைத்தியசாலை; நூலின் பெயர் கருணாமிர்த சாகரம். 'கருணை' என்ற அந்தச் சொல் குருவின் பெயரிலும் உண்டு, கிறித்தவர் இறைவனைக் குறித்துப் பேசும் பேச்சிலும் உண்டு. ஒரே சொல்லில் இரண்டு கடன்களையும் அவர் செலுத்தினார் என்று கொள்ளலாம்.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்து லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றனர். 1890இல் அப்பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். மருந்து தயாரிப்பில் பொன்னம்மாளின் உழைப்பும் பெரிது. அவர்களுடைய கோரோசனை மாத்திரை தமிழ்நாட்டுக்கு வெளியிலும் விலைபோயிற்று. ஊரார் 'பண்டிதர் தோட்டம்' என்று அழைத்த நிலத்தில் மூலிகைகளோடு கரும்பு முதலிய பயிர்களையும் சோதனை முறையில் வளர்த்தார். 1909இல் ஆங்கில அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

இந்தச் செல்வத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு நடந்த இசை மாநாடுகளுக்கு மன்னரோ ஜமீன்தாரோ பணம் கொடுக்கவில்லை. மருந்து விற்ற பணமே வந்தவர்களுக்கு உணவும் தங்குமிடமும் ஆயிற்று.

தமிழில் தொடக்கப் பாடம்

அன்று இசை கற்க வரும் பிள்ளைக்குச் சரளி வரிசை, அலங்காரம் முடிந்ததும் கீதங்கள் சொல்லிக் கொடுக்கப்படும். அவற்றில் பெரும்பாலானவை கன்னடம், வடமொழி, தெலுங்கு ஆகிய மொழிகளில் இருந்தன. புரந்தரதாசரின் கீதங்கள் கன்னட நாட்டிலிருந்து வந்தவை. மேலே போனால் தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகள், தீட்சிதரின் வடமொழிக் கீர்த்தனைகள். தமிழ்க் குழந்தை பொருள் தெரியாமல் நெட்டுருச் செய்ய வேண்டிய நிலை. பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே வகுப்பறையை விட்டுவிட்ட பண்டிதருக்கு இது ஓர் ஆசிரியரின் கண்ணோடுதான் பட்டது.

எனவே கீதம், சுரசாதி, கீர்த்தனை ஆகிய வகைகளில் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைத் தாமே தமிழில் இயற்றி, சுரக் குறிப்போடு 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்ற பெயரில் 1907இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 48. பாடல்களின் பொருள் இறைவழிபாடு. கிறித்தவ நம்பிக்கையில் நின்று பாடப்பட்டவை. அமைப்போ முழுக்க முழுக்க மரபு வழிப்பட்ட இராக தாள அமைப்பு.

இதில் அவர் தனியாள் அல்லர். தஞ்சையிலேயே வேதநாயக சாத்திரியார் (1774–1864) கிறித்தவப் பொருளைக் குறவஞ்சியாகவும் கீர்த்தனையாகவும் பாடி, அவற்றைச் சபையார் கூடிப் பாடும் வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1878இல், தம் 52ஆம் வயதில், எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை வெளியிட்டார். எச். ஏ. கிருட்டிண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூலாக வந்தபோது அவருக்கு வயது 67. இளமையில் கற்ற தமிழும் இசையும் வாழ்வின் பிற்பகுதியில் சமய நம்பிக்கையோடு சேர்ந்து பெரிய நூலாக வெளிப்படுவது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிறித்தவத் தமிழில் மீண்டும் மீண்டும் காணப்படும் செய்தி. பண்டிதர் இவ்வரிசையில் வந்தவர். ஆனால் மற்றவர்கள் பாடலோடு நின்ற இடத்தில் அவர் நிற்கவில்லை. பாடலுக்கு அடியில் இருக்கும் சுருதியின் கணக்கைக் கேட்டார்.

சங்கீத வித்தியா மகாஜன சங்கம்

ஒரு தாயியில், அதாவது கீழ் ச முதல் மேல் ச வரை, எத்தனை சுருதிகள்? இருபத்திரண்டு என்று பரதரின் நாட்டிய சாத்திரமும் சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரமும் கூறுகின்றன. ஆனால் பண்டிதர் காலத்தில் அந்த இருபத்திரண்டையும் தந்தியில் எங்கெங்கே வைப்பது என்று கேட்டால் அறிஞர்கள் ஆளுக்கொரு கணக்குக் கொடுத்தார்கள். வாய் ஒன்றைப் பாடுகிறது, வீணையின் மெட்டு ஒன்றைக் காட்டுகிறது, நூல் வேறொன்றைச் சொல்கிறது. இதை அவர் பொறுக்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்து எழுதுவதோடு அவர் நின்றிருக்கலாம். 1911இல் மனைவி பொன்னம்மாள் காலமானார். வயதும் ஐம்பதைக் கடந்துவிட்டது. ஆனால் 1912 மே மாதத்தில் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி முதல் மாநாட்டைக் கூட்டினார். தொடர்ந்து மேலும் பல மாநாடுகள் அவருடைய சொந்தச் செலவிலேயே நடந்தன. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதலிய வித்துவான்கள் அவற்றில் பங்கு கொண்டனர். சென்னையில் மியூசிக் அகாதெமி 1928இல்தான் தோன்றியது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். வித்துவான்கள் கச்சேரிக்காக அன்றிக் கருத்தை விவாதிப்பதற்காகக் கூடுவது 1912இல் புதுமை.

மாநாட்டின் நோக்கத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இசை அறிவு அன்று குடும்பச் சொத்தாக இருந்தது. தந்தை மகனுக்கும் குரு சீடனுக்கும் சொல்லிக் கொடுப்பார்; தெரிந்த நுட்பத்தை மூடி வைப்பதும் உண்டு. பண்டிதர் அதைப் பொதுமேடைக்குக் கொண்டுவர விரும்பினார். கட்டுரை வாசிப்பது, மறுப்பது, தந்தியில் அளந்து காட்டுவது, நடந்ததை அச்சிடுவது ஆகியவை மாநாட்டு முறைகள் ஆயின. அச்சுக்காகவே தஞ்சையில் லாலி பெயரால் மின்விசை அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார்.

இதில் ஒரு சமூகச் செய்தியும் அடங்கியுள்ளது. பண்டிதர் நாடார் குலத்தில் பிறந்தவர். கமுதிக் கோயிலில் நாடார்கள் நுழைய உரிமை இல்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது 1908இல். கருணாமிர்த சாகரத் திரட்டு வெளிவந்ததற்கு மறு ஆண்டு அது. கிறித்தவரான அவருக்குக் கோயில் நுழைவு நேரடிச் சிக்கலாக இருந்திராது. ஆயினும் அன்றைய இசையின் இருப்பிடங்கள் கோயிலும் அரண்மனையும் செல்வர் வீட்டுத் திருமண மேடையும்தாம். அவற்றில் எதிலும் பிறப்புரிமை இல்லாத ஒருவர் அந்தணரும் இசை வேளாளரும் அடங்கிய வித்துவான்களின் அவையைத் தம் வீட்டில் கூட்டினார்; அவர்களும் வந்தனர். அந்த வித்துவான்களின் பெருந்தன்மைக்கும் இதில் பங்கு உண்டு.

சிலப்பதிகாரமும் சுருதிக் கணக்கும்

உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்கு நல்லார் உரையோடும் 1892இல் பதிப்பித்தார். அந்தப் பதிப்பு இல்லாமல் கருணாமிர்த சாகரம் இல்லை. அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் வரும் இசைச் செய்திகளையும், அவற்றுக்கு உரைகாரர் தந்த விளக்கங்களையும் பண்டிதர் வரி வரியாக ஆராய்ந்தார்.

தமிழில் ஏழு சுரங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். குரலுக்கு ஐந்தாவது நிற்பது இளி. ச பாடினால் அதற்குப் ப எப்படிப் பொருந்தி ஒலிக்குமோ அப்படிக் குரலுக்கு இளி பொருந்தும். ஓர் இளியைக் குரலாகக் கொண்டு அதற்கு இளி கண்டு, அதையும் குரலாகக் கொண்டு மீண்டும் இளி கண்டு போனால் பன்னிரண்டு நிலைகள் பிறக்கும். உரைகாரர்கள் இவற்றைப் பன்னிரண்டு இராசி வீடுகளில் வைத்துக் காட்டினர்.

இங்கேதான் கணக்கு நுழைகிறது. தந்தியின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் இளி கிடைக்கும். அதிர்வெண் ஒன்றரை மடங்காகும். ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகிறது. ஆனால் ஏழு தாயி மேலே போன ச-வின் அதிர்வெண் இரண்டை ஏழு முறை பெருக்கிய 128. வட்டம் மூடவில்லை. நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்குச் சற்றே கூடுதலான பிசிர் ஒன்று மிஞ்சுகிறது. கிரேக்கர், சீனர், ஐரோப்பியர் யாவரையும் இந்தப் பிசிர் தொல்லைப்படுத்தியிருக்கிறது.

பண்டிதரின் விடை தெளிவானது. வட்டம் மூடியே ஆக வேண்டும். எனவே இளி சரியாக ஒன்றரை மடங்கு அன்று, 1.4983 மடங்கு. ஒரு தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் 1.0595 மடங்கு உயரும். பன்னிரண்டு படி ஏறினால் சரியாக இரண்டு மடங்கு. இது ஆயப்பாலை. ஒவ்வொரு படியையும் இரண்டாக்கினால் 24, அது வட்டப்பாலை. அதையும் இரண்டாக்கினால் 48, திரிகோணப்பாலை. மீண்டும் இரண்டாக்கினால் 96, சதுரப்பாலை.

32 அங்குல நீளமுள்ள ஒரு தந்தியை எடுத்துக்கொண்டால் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும். மூன்றில் இரண்டு என்ற கணக்கில் இளியின் இடம் 21.33 அங்குலம், பண்டிதர் கணக்கில் 21.36 அங்குலம். இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதைக் காதால் பிரித்தறிவது எளிதன்று. ஆனால் அந்தர காந்தாரத்துக்கு வந்தால் கதை வேறு. ஐந்தில் நான்கு என்ற பழைய விகிதம் 25.6 அங்குலத்தைக் காட்டும். சம விகிதம் 25.4 அங்குலத்தைக் காட்டும். ஐந்து மில்லிமீட்டர் என்பது தம்பூராவோடு பாடிப் பழகிய காதுக்கு நன்றாகத் தெரியும் வேறுபாடு. பண்டிதரை மறுத்தவர்கள் பிடித்துக்கொண்ட இடங்களில் இதுவும் ஒன்று.

இனி, பழைய உரையே 22 என்று சொல்கிறதே என்ற கேள்வி. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று அலகுகளை உரைகாரர் பகிர்கின்றனர், கூட்டினால் 22. கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துச் சொல்லப்பட்டுள்ளது என்பது பண்டிதர் தரும் விளக்கம். அவ்விரண்டையும் 4 ஆக்கினால் 4, 4, 4, 2, 4, 4, 2 என்று வரும், கூட்டு 24. முழுப்படிக்கு நான்கு அலகு, அரைப்படிக்கு இரண்டு அலகு என்று வரிசை நேர்த்தியாக அமைந்துவிடுகிறது. கணக்கின் அழகை யாரும் மறுக்க முடியாது. ஆனால் முன்னோர் வேண்டுமென்றே மறைத்துச் சொன்னார்கள் என்பதற்கு அக்கணக்கைத் தவிர வேறு சான்று இல்லை. அவருடைய வாதத்தில் மிகவும் நலிந்த கண்ணி இதுவே.

நம்பிக்கை எங்கே நிற்கிறது?

கருணாமிர்த சாகரம் இறைவணக்கத்தில் தொடங்கும் நூல். இசை இறைவன் தந்த கொடை என்பது அதில் அலங்காரத்துக்குச் சொன்ன சொல் அன்று. ஆராய்ச்சியின் அடிப்படையே அதுதான். படைப்பில் ஒழுங்கு உண்டு, ஆகவே ஒலியிலும் ஒழுங்கு இருந்தே தீரும் என்ற உறுதியோடு அவர் கணக்கில் இறங்கினார். வட்டம் மூடாமல் பிசிர் மிஞ்சுவதை இயற்கையின் தன்மை என்று விட்டுவிடாமல், கணக்கிட்டவர்களின் பிழை என்று அவர் கொண்டதற்கு இந்த உறுதி ஒரு காரணமாகலாம். கணிதம் அறிந்தவர் ஒருவர் அந்தப் பிசிர் எந்த முயற்சியாலும் மறையாது என்று எளிதில் காட்டிவிடுவார். இரண்டின் அடுக்கு எதுவும் மூன்றின் அடுக்கு எதற்கும் சமமாகாது. சம விகிதம் அதைப் பன்னிரண்டு இடங்களில் பரப்பிக் காதுக்கு எட்டாமல் செய்கிறது, அவ்வளவே.

அதே நம்பிக்கை அவரை இடறச் செய்த இடமும் உண்டு. விவிலியத்தில் வரும் நோவா காலத்துப் பெருவெள்ளத்தையும், தமிழ் உரைகளில் வரும் கடல்கோளையும், அந்நாளில் பேசப்பட்ட லெமூரியாக் கண்டத்தையும் அவர் ஒன்றோடொன்று இணைத்தார். வெள்ளத்துக்கு முற்பட்ட தமிழ்நாட்டில் இசை நிறைவு பெற்றிருந்தது என்று எழுதினார். கண்டங்கள் நகர்வதைப் பற்றிய இன்றைய நிலவியல் லெமூரியாவை ஏற்பதில்லை. நூலின் இப்பகுதியை அக்கால எண்ணப்போக்கை அறிவதற்காகப் படிக்கலாம். வரலாறாக ஏற்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளங்கோவடிகள் பெயரால் வழங்கும் காப்பியம், சைவ ஓதுவார் காத்த பண், வைணவர் பாசுரம், சித்தர் குருவிடம் கற்ற மருந்து ஆகிய எதையும் 'அயலார் சொத்து' என்று அவர் ஒதுக்கவில்லை. கிறித்தவராக இருந்துகொண்டே இவற்றைத் தம் முன்னோர் செல்வமாகக் கொண்டார். அக்கால மிஷன் பள்ளிகளில் படித்த பலருக்கு இது இயல்பாக வரவில்லை.

பரோடா, 1916

பரோடா மன்னர் கெயிக்குவாடின் ஆதரவில் 1916 மார்ச் மாதம் அனைத்திந்திய இசை மாநாடு நடந்தது. அதை ஒழுங்கு செய்ததில் பாத்கண்டேயின் பங்கு பெரிது. இருபத்திரண்டு சுருதிக் கொள்கையில் உறுதியாக நின்ற தேவல், கிளெமெண்ட்ஸ் போன்றோர் அங்கு இருந்தனர். 56 வயதுப் பண்டிதர் தம் இருபத்து நான்கு சுருதிக் கொள்கையை அந்த அவையில் எடுத்துரைத்தார். அவர் குடும்பத்துப் பெண்கள் பாடியும் வீணை மீட்டியும் அதை விளக்கிக் காட்டினர்.

இதை மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது. குடும்பப் பெண்கள் பொது அவையில் பாடுவதைச் சமூகம் ஏற்காத காலம் அது. கோயிலும் சதிரும் சார்ந்த பெண்களே மேடை ஏறினர். பெண்கள் பள்ளியில் கற்பித்த தம்பதியரின் வீட்டில் இசை பெண்மக்களுக்கும் கற்பிக்கப்பட்டது. அவர்கள் கச்சேரிக்காக அன்றி ஓர் ஆராய்ச்சிக்குச் சான்றாளராக நாட்டின் மறுகோடிக்குப் போய் மேடையில் அமர்ந்தனர்.

அடுத்த ஆண்டில் கருணாமிர்த சாகரம் அச்சேறியது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலைப் பார்த்து இரண்டு ஆண்டுகளே அவர் வாழ்ந்தார்.

ஓசூர் போன்ற எல்லை ஊர்களில் இக்கேள்வி

தஞ்சையில் எழுந்த கேள்விகள் இரண்டு, கிருட்டிணகிரி மாவட்டத்தின் எல்லையில் இன்னும் கூர்மையாகக் கேட்கும். முதலாவது, பெயர் பற்றியது. பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள ஓசூரில் 'கர்நாடக இசை' என்று சொன்னால், மாணவர் அதைப் பக்கத்து மாநிலத்தின் இசை என்று எடுத்துக்கொள்வது இயல்பு. பண்டிதரோ அந்த இசையின் வேர் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது என்று வாதிட்டார். இரண்டும் முழு உண்மை ஆகா. கர்நாடகம் என்ற பெயர் பழங்காலத்தில் இன்றைய மாநில எல்லைக்குள் அடங்கவில்லை. ஆர்க்காட்டு நவாபின் தமிழ்ப் பகுதிகளையும் ஆங்கிலேயர் அப்பெயராலேயே அழைத்தனர். பன்னிரு நிலைகளும் பாலைகளும் தமிழில் மிகப் பழமையானவை. தொடக்கப் பாட முறை கன்னடப் புரந்தரதாசரால் பெயர்பெற்றது. பெருங்கீர்த்தனைகள் தஞ்சை மண்ணில் தெலுங்கில் பிறந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் பேசப்படும் ஓசூரில் இதை விளக்குவது தஞ்சையில் விளக்குவதைவிட எளிது.

இரண்டாவது, கணக்கு பற்றியது. தொழிற்பேட்டை வேலைக்காகப் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் கூடும் தேவாலயங்களில் பாடகர் குழுவும் அதற்கு ஒரு மின்விசைப் பலகையும் இருப்பது வழக்கம். ஷிப்ட் முடித்து வந்து நாற்பது வயதில் அதைப் பழகுவோரும் உண்டு. அந்தப் பலகை சுருதி சேர்க்கப்பட்டிருப்பது, ஒரு தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரிக்கும் அதே முறையில்தான். ச-வில் தொடங்கி ஏழு கட்டை மேலே போனால் ப. அங்கிருந்து மீண்டும் ஏழு. பலகை முடிந்துவிட்டால் ஒரு தாயி கீழே இறங்கித் தொடரலாம். பன்னிரண்டாவது முறையில் ச-வுக்கே வந்து சேர்வோம். இடையில் பன்னிரண்டு கட்டைகளும் ஒவ்வொரு முறை தொடப்பட்டிருக்கும். ஆயப்பாலையின் வட்டம் இதுவே. கிட்டாரின் மெட்டுகளும் இக்கணக்குப்படி அமைந்தவை.

ஆனால் அதே பலகையில் தோடியையோ சகானாவையோ வாசித்துப் பார்த்தால் ஏதோ குறைகிறது என்பது உடனே தெரியும். கமகம் கட்டைக்குள் அடங்காது. பாடகர் ஒரு சுரத்தை நிலையான புள்ளியாகப் பிடிப்பதில்லை. அசைத்தும் வழுக்கியும் பாடுகிறார். பண்டிதர் 48, 96 என்று பிரித்துக்கொண்டே போனது இந்த நுட்பங்களையும் எண்ணுக்குள் கொண்டுவரத்தான். அதில் அவர் முழு வெற்றி பெற்றார் என்று சொல்ல முடியாது.

பின்வந்தவர்கள்

சம விகித இருபத்து நான்கு சுருதிகளைப் பழந்தமிழர் கையாண்டனர் என்ற முடிவை இசையறிஞர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆயினும் பழந்தமிழ்ப் பாலைகளை இன்றைய இராகங்களோடு ஒப்பிட்டு ஆராயும் துறைக்கு வாயில் திறந்தவர் அவர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்து 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது கருணாமிர்த சாகரம் கையில் இருந்தது. சுவாமி விபுலாநந்தரின் 'யாழ்நூல்' 1947இல் வெளிவந்தது. அது சிலப்பதிகார இசைப்பகுதிகளை வேறு கணக்கில் அணுகியது.

இராகங்களைப் பற்றிய கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பகுதி ஆசிரியர் காலத்தில் அச்சாகவில்லை. மகள் மரகதவல்லி துரைப்பாண்டியன் அதை 1946இல் வெளியிட்டார். மகன் வரகுண பாண்டியன் எழுதிய 'பாணர் கைவழி' என்னும் யாழ் ஆராய்ச்சி நூல் 1950இல் வந்தது. கருணாமிர்த சாகரத்தைப் புதிதாகப் படிக்க முற்படும் மாணவர்கள் முதல் நூலின் வரலாற்றுப் பகுதியைத் தள்ளிவைத்துவிட்டு, ஆயப்பாலை, வட்டப்பாலை பற்றிய பகுதிகளிலிருந்து தொடங்குவது நல்லது. பக்கத்தில் ஒரு வீணையோ கிட்டாரோ, ஓர் அளவுகோலோ இருந்தால் படிப்பு விரைவில் பிடிபடும்.